மரத்திலிருந்து பொறி வருமா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய கதையாக இருந்தால் எப்போதோ சொல்லி முடித்திருப்பேன். ஆனால் நீ கட்டாரில் இருந்து போன் எடுக்கும்போதெல்லாம் உன் அறையில் நாலு பேர் இருக்கிறார்கள். இங்கே என் பின்னால் உன் மாமா நிற்கிறார். நீ ஒன்றைக் கேட்க, நான் வேறொன்றைச் சொல்லி, கடைசியில் "சாப்பிட்டியோ" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. அரைவாசியில் நிறுத்திவிட்டு எனக்கு எடுக்காதே.

நீ அந்தப் பெயரைச் சொன்ன நாளில் இருந்து தொடங்குகிறேன். "அம்மா, நான் தர்சினியைத்தான் கட்டப் போறன்" என்றாய். எந்தத் தர்சினி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியும், "எந்தத் தர்சினி?" என்று கேட்டேன். "தவராசா மாமான்ர மகள்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வேன்? நாங்கள் அகப்பை செய்யும் கொட்டிலைக் கொளுத்தினவர் என்று கண்டாவளை ஊர் முழுக்கப் பெயர் எடுத்த மனிதர். அவருடைய மகளை என் வீட்டு மருமகளாகக் கொண்டுவரப் போகிறேன் என்று நீ சொல்கிறாய். கட்டாரில் எத்தனை ஊர்ப் பெடியன்கள் இருக்கிறார்கள், அவர்களில் உன்னைத் தேடி அவள் ஏன் பேச்சுக் கொடுத்தாள் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. அப்பாவின் பெயரைச் சுத்தப்படுத்த என் மகனைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவும் மாட்டேன்.

உனக்கு உன் அம்மாவைத் தெரியும். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நான் மற்றப் பக்கத்தையும் தூக்கிப் பார்ப்பேன். பேருந்தில் மிச்சக் காசை வாங்கினால் கையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். ஆகவே அடுத்த கிழமையே கிளிநொச்சிக்குப் போய், அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்குள் ஏறினேன். தலையிடிக் குளிசை வேண்டும் என்றேன். தலையிடி ஒன்றும் இல்லை. அவள் எப்படிப் பார்க்கிறாள், எப்படிப் பேசுகிறாள், என்னைக் கண்டதும் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் போனேன். குளிசையைத் தாளில் சுற்றிக் கையில் தந்துவிட்டு, "மாமி, நீங்கள் குளிசை வாங்க வரேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். குரலைத் தாழ்த்தி, "அப்பா செய்யேல்லை. அதை மட்டும் சொல்லுறன்" என்றாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கெட்டிக்காரி என்று நினைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

இப்போது மெசினின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நீ விடுமுறையில் வந்தபோது கொழும்பில் இறங்கி, அதையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தாய். மேலே ஒரு பெல்ற் ஓடும், பக்கத்தில் ஒரு வட்டத் தட்டுச் சுற்றும், இரண்டிலும் சொரசொரப்பான சாண்ட்பேப்பர். அகப்பைக் காம்புகளையும் இடியப்ப உரலின் கைபிடிகளையும் கையால் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி மழுங்கியிருந்த காலம் அது. நீ அதைக் கொட்டிலின் நடுவில் பலகையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, "அம்மா, இனி நீங்கள் கை நோகத் தேவையில்லை. ஒண்டும் நடக்காது, பயப்பிடாதேங்கோ" என்றாய். ஒன்றும் நடக்காது என்று எவராவது சொன்னால் எனக்கு அப்போதுதான் பயம் தொடங்கும். இதன் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அது வேலை செய்யும் சத்தம் அல்ல, காத்துக்கொண்டிருக்கும் சத்தம்.

நீ காட்டித் தந்தவற்றை நான் மறக்கவில்லை. பெல்ற்றின் உட்புறத்தில் ஓர் அம்பு போட்டிருக்கும், அந்தப் பக்கமாகத்தான் அது ஓட வேண்டும். மாறிப் போட்டால் ஒட்டிய இடம் விட்டுப்போகும். பெல்ற் ஒரு பக்கமாக விலகினால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தட்டின் இடப்பக்கம் கீழே இறங்கும், வலப்பக்கம் மேலே ஏறும். இறங்கும் பக்கத்தில் மரத்தை வைத்தால் அது மரத்தை மேசையோடு சேர்த்து அமத்தும். ஏறும் பக்கத்தில் வைத்தால் பிடுங்கி எறியும். இதை நீ சொல்லித் தந்தும் நான் நம்பவில்லை. நீ திரும்பிப் போன பிறகு ஒரு அகப்பைக் காம்பை ஏறும் பக்கத்தில் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். அது என் காதோரத்தால் போய்த் தகரத்தில் அடித்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு பலகையை அடித்து மறைத்துவிட்டேன். நீ வந்ததும் அதைக் கழற்றாதே.

கொட்டிலில் என்னோடு வேலை செய்த தவராசாவுக்கு அந்த மெசின் கையோடு ஒட்டிக்கொண்டது. நீ இரண்டொரு நாள் காட்டியது அவருக்குப் போதும். மரத்தை அழுத்தாமல், பெல்ற்றுக்கு மேல் தடவுவதுபோலப் பிடிப்பார். காம்பு வழவழப்பாக வரும். வந்து வாங்கும் பெண்கள் "இது ஆர் செய்தது" என்று கேட்டே வாங்கினார்கள். அது எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. இவர் ஒரு நாளைக்கு விட்டுவிட்டுப் போவார் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போகத்தான் வெளிக்கிட்டார்.

"அக்கா, அடுத்த மாதம் நான் பரந்தனில ஒரு தளபாடக் கடைக்கு வேலைக்குப் போறன்" என்று ஒரு காலையில் வந்து சொன்னார்.

"இவ்வளவு நாளும் பழக்கி விட்டது நான். இப்ப வேற ஆக்களுக்கோ?" என்றேன்.

"மெசினைப் பழக்கினது உங்கட மகன்."

"அப்ப போங்கோ. உங்களை நம்பியோ நான் கொட்டில் போட்டனான்?"

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் இல்லாமல் இந்தக் கொட்டில் எப்பிடி ஓடுது எண்டு பாப்பம்" என்றார். அகப்பை வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். உன் மாமாவும் வாசலில் நின்றார். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்தக் கிழமை முடிவதற்குள் கொட்டில் எரிந்துவிட்டது.

அன்று பின்னேரம் தவராசாதான் கடைசியாக மெசினில் நின்றவர். காம்புகளைத் தேய்த்து முடித்து, மெசினை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் போனார். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன். வேப்பந்தூள் கருகுகிற கசப்பு மணம் வந்தது. ஈரத் துணியோடு ஓடி வந்து பார்த்தால், மெசினின் பக்கத்தில் தூள் சேரும் துணிப்பை எரிந்து, அதில் இருந்து கூரைக் கிடுகுக்குத் தாவியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் என்ன செய்யும்? மெசினின் இரும்பு உடம்பு மட்டும் மிஞ்சியது. காய வைத்திருந்த பூவரசம் பலகைகள், பளைக்கு அனுப்ப அடுக்கியிருந்த அகப்பைகள், எல்லாம் சாம்பல்.

உன் மாமா அன்றைக்கே தவராசாவைக் கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். தவராசா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "அக்கா, கடைசிக் காம்பைத் தேய்க்கேக்க பொறி பறந்தது. நிப்பாட்டிப் பாத்தனான், ஒண்டும் தெரியேல்லை. பிறகு வீட்ட போட்டன். அவ்வளவுதான்."

"மரத்தில இருந்து பொறி வருமோ? வாயில வந்ததைச் சொல்லாத" என்றார் உன் மாமா.

எனக்கும் அது பொய்யாகத்தான் பட்டது. கிணற்றடியில் நின்ற வேம்பை வெட்டி, அடிமரத்தை மில்லுக்கு அனுப்பியிருந்தோம். இந்தப் பக்கத்து மரமென்றால் மில்காரர் சும்மா அறுக்கமாட்டார், வாள் உடைந்துவிடும். இரும்பு காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, சண்டைக் காலத்தில் பாய்ந்த செல் துண்டு இருந்த பகுதிகளை ஒதுக்கிவிட்டுத்தான் அறுத்துத் தந்தார். ஆகவே மரம் சுத்தம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. வயர் பார்க்கிறவரும் வந்து, மின்சாரத்தில் பிழை இல்லை என்றார். பிறகு பொறி எங்கே இருந்து வரும்? "பொய் சொல்லுறதெண்டாலும் நம்பக்கூடின பொய்யாச் சொல்லுங்கோ தவராசா" என்றேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பொலிஸில் உன் மாமாதான் பெயர் கொடுத்தார். கொளுத்தினதைக் கண்டதுபோலவே சொன்னார். என்னைக் கேட்டபோது, "நான் கண்ணால காணேல்லை" என்று மட்டும் சொன்னேன். எனக்குச் சந்தேகம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. விசாரித்துவிட்டு அவரை விட்டுவிட்டார்கள். பரந்தனில் அந்தக் கடைக்காரர் மட்டும் விடவில்லை, வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொட்டில் கொளுத்தினவர் என்று பெயர் எடுத்தவரை யார் மரத்துக்குப் பக்கத்தில் விடுவார்கள்? அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பூநகரிக்கு, அவருடைய மனைவியின் ஊருக்குப் போனார்கள். உனக்கு மாமாதான் போனில் கதை சொன்னார். நீ கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

மோட்டரைத் திரும்பச் சுற்றுவித்து, தகரத்தில் கொட்டிலைப் போட்டு, மெசினைத் திரும்பப் பூட்டி, ஏறும் பக்கத்து மறைப்புப் பலகையையும் புதிதாக அடித்தேன். வேறு ஆள் வைக்கவில்லை. ஒருவரிலும் நம்பிக்கை வரவில்லை. நானே தேய்த்தேன்.

நீ தர்சினியின் பெயரைச் சொன்னதற்குப் பிறகு, நான் உன்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்த அந்த நாட்களில்தான் இது நடந்தது. பளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அகப்பை கேட்டிருந்தார்கள். மரம் போதவில்லை. அந்த வேம்பின் கிளைகள் மாமரத்தடியில் தகரத்தின் கீழ் கிடந்தது ஞாபகம் வந்தது. அடிமரந்தான் மில்லுக்குப் போனது. கிளைகளை நாங்களே கோடரியால் பிளந்து, முதலில் பிளந்ததைக் கொட்டிலுக்குள் எடுத்து, மிச்சத்தை அங்கே போட்டிருந்தோம். ஒன்றை எடுத்துச் செதுக்கி, பெல்ற்றில் வைத்தேன். முதலில் மாறியது சத்தம். மரம் தேய்கிற இழுவைச் சத்தத்துக்கு நடுவில் 'கிரீச்' என்று ஒன்று. பிறகு பொறி பறந்தது. மத்தாப்புப் போல ஒரு சின்னக் கொத்து, பெல்ற்றோடு சேர்ந்து ஓடித் தூள் போகும் வாய்க்குள் புகுந்து மறைந்தது.

நான் மெசினை நிறுத்தினேன். துணிப்பையைக் கழற்றி, கொட்டிலுக்குத் தள்ளி வெறும் மணலில் தூளைக் கொட்டினேன். கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்த தூள். புகை இல்லை, மணம் இல்லை. வேறு யாராவது என்றால் எழும்பிப் போயிருப்பார்கள். நான் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது. பிறகு அந்தக் குவியலின் நடுவில் இருந்து நூல் போல ஒரு புகை எழும்பியது. தடியால் கிளறினேன். மேலே எல்லாம் ஆறிய தூள், உள்ளே சிவப்பாக ஒரு கங்கு, சத்தமில்லாமல் தின்றுகொண்டு கிடந்தது.

மரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பயறளவில் ஒரு கறுப்புப் புள்ளி, தேய்ந்த இடம் மட்டும் வெள்ளியாக மினுங்கியது. நகத்தால் தட்டினால் இரும்பு. நாங்கள் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது அந்த வேம்பு எப்படி நின்றது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், தலையே இல்லை. பிறகுதான் துளிர்த்தது. நிழல் தருகிறதென்று நாங்கள் அதன் கீழ் உடுப்புத் தோய்த்தோம். அது அந்தத் துண்டுகளை உள்ளே வைத்து மூடிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

உடனே ஓடிப்போய் ஊருக்குச் சொன்னேன் என்று நினைக்காதே. நாலைந்து நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னிலேயே எனக்குச் சந்தேகம். மகன் ஆசைப்படுகிறான் என்பதற்காக நான் ஒரு பொறியைப் பிடித்துக்கொண்டு சாட்டுத் தேடுகிறேனோ என்று யோசித்தேன். அந்தக் காம்பை மேலே தேய்க்காமல், இரும்பைக் கிளறி எடுக்காமல், அப்படியே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு ஒரு நாள் பரந்தனில் பூநகரி பேருந்து ஏறினேன்.

தவராசா முற்றத்தில் யாருடையதோ ஒரு கதவை இழைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டும் சீவுளியை நிறுத்தவில்லை. இரு என்று ஒருவரும் சொல்லவில்லை.

"தவராசா, நீங்கள் சொன்னது உண்மை. பொறி பறந்திருக்கு" என்றேன்.

"இப்பவோ தெரிஞ்சது?"

"ஓம், இப்பதான். கிளைக்குள்ள செல் துண்டு இருந்திருக்கு. நானே கண்டனான்."

"மகன் சொல்லி விட்டவரோ?"

"இல்லை. அவனுக்கு இன்னும் தெரியாது."

சீவுளியைக் கீழே வைத்தார். "அக்கா, உங்கட மகன் என்ர பிள்ளையைக் கேக்கிறார். கொளுத்தினவன்ர வீட்டில பொம்பிளை எடுத்ததெண்டு ஊர் கதைக்கும். அதுக்கு முதல் கொளுத்தினவனை நல்லவனாக்க வேணும். அதுக்கு ஒரு கதையோட வந்திருக்கிறீங்கள். அப்பிடித்தானே?"

"அப்பிடி இல்லை."

"மரத்தில இருந்து பொறி வருமோ அக்கா?" என்றார். "பொய் சொல்லுறதெண்டாலும் நம்பக்கூடின பொய்யாச் சொல்லுங்கோ."

மகன், அது நான் அவருக்குச் சொன்ன அதே சொல். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த முற்றத்தில் நின்று அறிந்துகொண்டேன். உடம்பெல்லாம் கூசுகிறது. சத்தியம் பண்ணலாமா என்று வாய் உன்னுகிறது, பண்ணினால் இன்னும் பொய்யாகக் கேட்கும் என்று தெரிகிறது. கடைசியில், "வந்து பாருங்கோ. நீங்களே மெசினைப் போடுங்கோ, நான் தொடமாட்டன்" என்றேன். அவர் திரும்பச் சீவுளியை எடுத்தார். குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவிதான், "ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்றாள்.

திரும்பிப் போகப் பேருந்து இல்லை. அந்த வெயிலில் தெருவோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தவராசா வீட்டில் இருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, மரநிழலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அடுத்த கிழமை ஒரு காலையில் மகளின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வந்தார். நான் உன் மாமாவைக் கூப்பிட்டிருந்தேன். அன்றைக்குத் தவராசா கோபத்தில் சொன்ன சொல்லைக் கேட்ட இரண்டு பெண்களையும் கூப்பிட்டிருந்தேன். "என்ன கூத்து இது அக்கா" என்று மாமா முணுமுணுத்துக்கொண்டு நின்றார். துணிப்பையைக் கழற்றி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தேன். அலுமாரியைத் திறந்து காம்பை எடுத்துத் தவராசாவின் கையில் கொடுத்தேன். அவர் உடனே மெசினைப் போடவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் தடவி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆணி அடிச்சனீங்களோ?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் கேட்கத்தான் வேண்டும், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். "பாருங்கோ" என்றேன். பார்த்தார். "சுத்தி மரம் மூடி வளந்திருக்கு" என்று தனக்குள் சொன்னார்.

சுவிட்சைப் போட்டார். பெல்ற் வேகமெடுக்கும்வரை நின்று, காம்பைத் தடவுவதுபோல வைத்தார். பொறி பறந்தது. பெண்கள் இருவரும் பின்னால் துள்ளினார்கள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நிறுத்திய பிறகும் பெல்ற் ஓடி ஓடி மெதுவாகி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழவில்லை. தர்சினிதான் வெளியே போய்விட்டாள்.

"இது இந்தக் காம்பு" என்றார் உன் மாமா. "அண்டைக்கும் இதுதான் நடந்ததெண்டு என்ன சாட்சி?"

"ஒரு சாட்சியும் இல்லை" என்றேன். "அண்டைக்குத் தேய்ச்ச காம்பு சாம்பலாப் போச்சு. நீ அண்டைக்கு எதைக் கண்டு அந்தாளின்ர பேரைக் குடுத்தனீ? அதைச் சொல்லு."

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை, எனக்கும் அது தெரியும். எரிந்துபோனதைத் திரும்ப எரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு மனிதர் முதல் நாளில் இருந்து ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லின்படி இன்றைக்கு என் கண்முன்னால் நடக்கிறது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

கிணற்றடியில் தர்சினி முகம் கழுவிக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "பிள்ளை, ஒண்டு கேப்பன், மறைக்காமல் சொல்லவேணும். அப்பான்ர பேரைக் காப்பாத்தத்தானே என்ர பெடியனோட கதைச்சனீர்?" என்றேன்.

"ஓம் மாமி" என்றாள். "தொடங்கினது அதுக்குத்தான். அப்பான்ர போனில அவரின்ர நம்பர் இருந்தது. அப்பா செய்யேல்லை எண்டு எழுதினனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"நம்புறன் எண்டு சொன்னவர். வேற ஒண்டும் கேக்கேல்லை. அப்ப எங்களை ஒருத்தரும் நம்பேல்லை மாமி. அதுக்குப் பிறகு நான் அவரோட அப்பான்ர கதையே எடுக்கேல்லை."

இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ஓம் என்றதால் மற்றதையும் நம்பினேன். ஆனால் உன்னிடம்தான் எனக்கு இப்போது ஒரு கேள்வி. ஒரு சாட்சியும் இல்லாமல், கண்ணால் காணாமல், கடல் கடந்து இருந்துகொண்டு நீ எப்படி நம்பினாய்? நம்பினதை ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை? நான் நம்பமாட்டேன் என்று நினைத்தாய். நினைத்தது சரிதான். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

நீ தையில் வந்து கொட்டிலைப் பெருப்பிக்கப் போவதாகச் சொன்னாய். செய். ஆனால் இந்த நம்பிக்கையை மனிதரோடு வைத்துக்கொள், மெசினோடு வைக்காதே. எந்த மரம் வந்தாலும் எங்கே நின்றது என்று கேள். அடிமரத்தை மட்டுமல்ல, கிளையையும் காந்தத்தால் தடவிப் பார். இரும்பு எதையும் அந்தப் பெல்ற்றில் வைக்காதே, கத்தி தீட்டித் தா என்று யாராவது வந்தால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல். பை நிரம்பும்வரை காத்திராமல், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தூளை வெளியே கொட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போ. முகமூடி போடு, வேப்பந்தூள் தொண்டையில் இறங்கினால் ராத்திரிச் சாப்பாடு கசக்கும். கலியாணக் காப்புக் கயிறு மணிக்கட்டில் தொங்கும்போது மெசினுக்குக் கிட்டப் போகாதே. அதைக் கழற்றும்வரை கொட்டில் பூட்டியிருக்கும், திறப்பு என்னிடம் இருக்கும்.

உன் மாமா பிறகு என்ன செய்தார் என்று எனக்கு அவர் சொல்லவில்லை. தவராசா சொல்லித்தான் தெரியும். பரந்தன் கடைக்காரரிடமும் பொலிஸிலும் போய், "நான் காணாததைக் கண்டதெண்டு சொல்லிப்போட்டன்" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் தவராசாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை நானும் மாமாவும் பூநகரிக்குப் பெண் கேட்டுப் போனோம். தட்டத்தில் பழமும் வெற்றிலையும் கொண்டுபோனோம். மாமா வர மறுப்பார் என்று நினைத்தேன், சேட்டுப் போட்டுக்கொண்டு முதலில் வெளிக்கிட்டவர் அவர்தான். இந்த முறை கதிரை போட்டு இருத்தினார்கள். தேத்தண்ணி வந்தது. தவராசா தட்டத்தைத் தொடவில்லை. மாமாவின் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கள் என்னை நம்புறீங்களோ?" என்று கேட்டார்.

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பொய் சொல்லமாட்டன் அண்ணை" என்றார். "இன்னும் முழுசா இல்லை."

தவராசா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் அவரை அறிந்த இத்தனை காலத்தில் காணாத மாதிரிச் சிரித்தார். "அப்ப சரி" என்றார். "நம்புறன் எண்டு சொல்லியிருந்தால் பிள்ளையைத் தந்திருக்கமாட்டன்." தட்டத்தை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

தையில் வா.

உன் அம்மா